நாலாவது கட்டம்

உடைந்த குடம் ஒன்றை, குறும்பு செய்த பிள்ளையைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல், விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார் சூப்பர்வைசர். குடத்தின் அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக ஷெட்டுக்கு வெளியே கிடந்த உப்பளத்தின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

“ஓவர் டிரிம்மிங்” என்றார்.

எதிரே கத்தியும் கையுமாக ஆறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வார்த்தை ஒருவருக்கும் புரியவில்லை. அது யார் தலையில் விழுகிறது என்பது மட்டும் ஆறு பேருக்கும் உடனே புரிந்துவிட்டது.

வரிசையில் மூத்தவர் அஞ்சலை அக்கா. மேசைமேல் திறந்த ரிஜிஸ்டரையும் இங்க் பேடையும் நகர்த்தி வைத்தார் சூப்பர்வைசர்.

“நீதான சீனியரு. தப்பு உன்னுதுன்னு எழுதியிருக்குது. கைநாட்டு வெச்சிட்டு வீட்டுக்குக் கெளம்பு.”

அக்கா தாளைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத்தான் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பத்து வருடம் உப்புப் பாத்தியில் வெயிலைத் தலையிலும் கண்ணிலும் வாங்கியவர் அவர். பாதம் வெடித்து, இனிமேல் பாத்தியில் இறங்கினால் எரிச்சல் தாங்காது என்ற நிலையில்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தார். இங்கே என்ன பெரிய சுகம் என்று யாராவது கேட்டால், “நெழலு இருக்குதுப்பா” என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை.

அந்தக் கைநாட்டு விழுந்தால் நிழல் போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பயம்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது. வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன்.

தும்பிக்கையும் ஜவ்வும்

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டைத் தாண்டி மரக்காணம் போகும் வழியில் ஒரு தகர ஷெட். பின்பக்கச் சுவரை ஒட்டியே உப்பளம். உள்ளே இரண்டு மெஷின், ஒரு கிரைண்டர், குடம் சோதிக்க ஒரு சிமெண்ட் தொட்டி. தண்ணீர்க் குடம்தான் எங்கள் சரக்கு. பச்சை, நீலம், ஆரஞ்சு.

நான் ஆபரேட்டர். ஐ.டி.ஐ. எல்லாம் படித்ததில்லை. லோடு இறக்கப் போனவன், மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று காதால் படித்தேன். அதனால் வார்த்தைகள்மேல் எனக்கு ஒரு பைத்தியம். யார் எதைச் சொன்னாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

மெஷின் தலையிலிருந்து உருகிய பிளாஸ்டிக் ஒரு குழாய் மாதிரி தொங்கிக்கொண்டு இறங்கும். சூப்பர்வைசர் அதற்குப் ‘பாரிசன்’ என்பார். பெண்கள் வைத்த பெயர் தும்பிக்கை. எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள். தும்பிக்கை இறங்கியதும் இரண்டு பக்கமும் மோல்டு, அதாவது அச்சு, மூடும். உள்ளே காற்றை ஊதினால் குடம். மோல்டு கடித்த இடத்தில் அடியில் ஒரு தையல் விழும், அது ‘பின்ச்-ஆஃப்’. கடித்ததுபோக வெளியே பிதுங்குவது ‘ஃப்ளாஷ்’. பெண்கள் மொழியில் ஜவ்வு.

அந்த ஜவ்வைக் குடம் சூடாக இருக்கும்போதே கத்தியால் சீவி எடுப்பதுதான் டிரிம்மிங். சீவியதைக் கிரைண்டரில் போட்டுப் பொடித்து மறுபடி மெஷினில் ஊற்றினால் அது ‘ரீகிரைண்ட்’. மூட்டை பிரித்துப் புதிதாகப் போடுவது ‘விர்ஜின்’.

விர்ஜின் என்றால் என்ன என்று ஒருநாள் பல்கீஸ் அக்கா கேட்டார். தொட்டியில் குடங்களைச் சோதிப்பவர் அவர். மரக்காணத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். கன்னி என்று அர்த்தம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அப்ப அரச்சது?”

“அது... ஏற்கெனவே ஒருவாட்டி குடமா இருந்தது.”

“ரெண்டாந்தாரம்னு சொல்லேன்ப்பா. இதுக்குப் போயி ஏன் வெக்கப்படற.”

அன்றிலிருந்து ஷெட்டில் ரீகிரைண்டுக்குப் பெயர் ரெண்டாந்தாரம். சூப்பர்வைசருக்குக்கூட ஒருமுறை வாய் தவறி வந்துவிட்டது.

இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். ஒன்று வேலை செய்கிறவர் வைத்தது, இன்னொன்று மேசையில் இருக்கிறவர் வைத்தது. அதில் தப்பில்லை. எந்தப் பெயரில் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பதில்தான் தப்பு இருந்தது.

சுவரில் ஒட்டிய தாள்

சூப்பர்வைசர் சென்னையிலிருந்து வரும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். குடத்தில் என்னென்ன குறை வரலாம், அதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று நாலு கட்டம் போட்ட தாள். மெட்டீரியல், மெஷின், மோல்டு, மேன்.

ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரிலும் அதே நாலு கட்டம். ஒரு குடம் கழிக்கப்பட்டால் நாலில் ஒன்றில் காரணம் எழுத வேண்டும்.

நான் அந்த ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறேன். முதல் மூன்று கட்டமும் கழுவித் துடைத்த தரை மாதிரி சுத்தமாக இருக்கும். நாலாவதில் மட்டும் எழுத இடம் போதாமல் ஓரத்தில் ஏறியிருக்கும். மெட்டீரியல் வாங்குகிறவர் முதலாளியின் மச்சான். மெஷின் முதலாளியுடையது. மோல்டு செய்து கொடுத்தவர் முதலாளிக்கு வேண்டியவர். நாலாவது கட்டத்துக்குத்தான் சொந்தக்காரர் யாரும் இல்லை. மேலே எழுதியிருந்தது ஆண் என்று. கீழே இருந்த பெயர்கள் எல்லாம் பெண்கள்.

அலைக்குப் பிறகு

சுனாமி அலை வந்துபோன அடுத்த கோடை. எங்கள் கடற்கரை முழுக்கத் தகரக் கொட்டகை. கிணறுகளில் கடல் புகுந்து, குடிக்கிற தண்ணீர் எல்லாம் லாரியில் வந்தது. தண்ணீர் லாரியில் வந்தால் குடம்தானே முதலில் வேண்டும்? ஒரு டிரஸ்ட் எங்களிடம் பெரிய ஆர்டர் கொடுத்தது. அனுமந்தைப் பக்கத்துக் கொட்டகைகளுக்கு, வீட்டுக்கு இரண்டு குடம்.

அந்த ஆர்டருக்கென்று மச்சான் சில மூட்டைகளை இறக்கினார். மேலே எழுத்தே இல்லாத மூட்டை. உள்ளே வெள்ளை வெளேரென்று குருணை. விர்ஜினோடு இதையும் கலந்து போடு என்றார். எதற்கு என்று கேட்டேன். “ஸ்டிஃப்னஸுக்கு” என்றார். நானும் பெரிய ஆள் மாதிரி தலையாட்டினேன்.

இரண்டு நாளில் அஞ்சலை அக்கா சீவிய ஜவ்வு ஒன்றை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு வந்தார்.

“தம்பி, ஜவ்வு முன்ன மாதிரி வளைய மாட்டேங்குது. ஒடியுது பாரு.”

என் முகத்துக்கு நேரே இரண்டு விரலால் மடித்தார். படக்கென்று ஒடிந்தது.

“அது ஸ்டிஃப்னஸுக்கா. ஒண்ணும் ஆவாது” என்றேன்.

ஒடிந்த இரண்டு துண்டையும் கிரைண்டர் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதே வாரம்தான் சோதனைத் தொட்டி வற்றியது. குடத்தின் வாயை அடைத்து, காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்குவார் பல்கீஸ் அக்கா. ஓட்டை இருந்தால் குமிழ் வரும். வழக்கமாக வரும் டேங்கர் கொட்டகைகளுக்குத் திரும்பிவிட்டது. குடிக்கவே இல்லாதபோது தொட்டிக்கு யார் கொடுப்பார்கள்? சூப்பர்வைசர், “எங்கயாவது புடிச்சி ரொப்புப்பா” என்றார்.

நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். பின்பக்கத்து உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டுகிறவர் பழக்கம். சுவருக்குமேல் பைப்பைப் போட்டு, பாத்தியில் காய்ந்துகொண்டிருந்த தண்ணீரையே தொட்டிக்கு இறைத்தேன். குமிழ் வருவதைப் பார்க்க எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? ஒரு வாய்த் தண்ணீரைக்கூட வீணாக்காமல் தொட்டியை ரொப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

“குடம் அமுங்கவே மாட்டேங்குதுப்பா, ஆபரேட்டரு” என்று மறுநாளே முனகினார் பல்கீஸ் அக்கா. “கழுத்தப் புடிச்சி அமுக்கினாலும் யா அல்லான்னு எழுந்து வருது. கையெல்லாம் வெள்ள வெள்ளயா பூக்குது.”

“வயசாயிடுச்சிக்கா உங்களுக்கு” என்று சிரித்தேன்.

இரண்டு பேர் இரண்டு விஷயம் சொன்னார்கள். இரண்டையும் நான் காதில் வாங்கவில்லை. வார்த்தைகளை எல்லாம் குறித்துவைக்கிறவன் என்று மேலே பீற்றிக்கொண்டேனே, அந்த ஆள்தான்.

மிதந்தது

டிரஸ்டிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். கலப்படம் கூடாது என்பதில் கண்டிப்பு. அவருக்கு யாரோ ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுத்தமான பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். சுண்ணாம்பு கலந்த ஃபில்லர் சேர்த்திருந்தால் கனம் கூடி மூழ்கும்.

பிளேடால் ஒரு துண்டு ஜவ்வை நறுக்கினார். நேராகத் தொட்டிக்குப் போய்ப் போட்டார்.

மிதந்தது. விரலால் அமுக்கினார். அமுக்கிய வேகத்தில் மேலே வந்தது.

“குட்” என்றார். சூப்பர்வைசர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். நானும்தான். அன்று மாலையே குடங்கள் லாரி ஏறின.

சூப்பர்வைசருக்கு ‘டென்சிட்டி’ என்ற வார்த்தை தெரியும். தொட்டியில் எந்தத் தண்ணீர் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் அன்று அவர் சேர்த்து நினைத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுபடி அந்த வரிசைக்கு

சில வாரம் போயிருக்கும். ஒரு காலை வேளையில் அனுமந்தையிலிருந்து ஒரு மீனவப் பெண் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, பிளந்த குடத்தை வாட்ச்மேன் மேசைமேல் வைத்தார்.

“லாரி ரெண்டு நாளைக்கி ஒருவாட்டி வருது. வரிசையில நின்னு புடிச்சி இடுப்புல வெச்சா, பாதி வழியில அடி பொளந்துக்குது. எனக்கு மட்டும் இல்ல, எங்க லைன்ல பத்துப் பதினஞ்சி வீட்டுக்கு இதே கதை. கடலு எடுத்தது போதாதுன்னு நீங்க வேற.”

பதில் வாங்காமல் போவதில்லை என்று கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குடம்தான் சூப்பர்வைசர் கையில் தொங்கியது. அந்தப் பதில்தான் ‘ஓவர் டிரிம்மிங்’. கத்தியால் ஆழமாகச் சீவியதால் தையல் பலவீனமாகிப் போனது, குற்றம் சீவியவர் கையில். நாலாவது கட்டம்.

அஞ்சலை அக்கா மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். கைநாட்டு வைக்கவில்லை. குடத்தைக் கையில் வாங்கி அடியைத் தடவினார்.

“கத்தி பட்ட எடம் இது சார். பொளந்தது இங்க. நாலு வெரலு தள்ளி. என் கத்தி அங்க போவவே இல்லியே.”

“அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. மெட்டீரியல் ஓகே, மெஷின் ஓகே. பாக்கி இருக்கறது நீங்கதான்.”

“மெட்டீரியலு நல்லதுன்னு எப்படி சார் தெரியும்?”

“அன்னிக்கி எல்லாரு எதுருலயும் மெதந்துச்சில்ல?”

அக்கா தொட்டிக்கு நடந்தார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பளத்தில் தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் செய்கிற அதே மாதிரி. துப்பிவிட்டுத் திரும்பினார்.

“இந்தத் தண்ணியில நானே மெதப்பேன் சார்.”

பல்கீஸ் அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். குடம் ஏன் அமுங்க மறுத்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

“நல்ல தண்ணியில போட்டுப் பாக்கலாம்” என்றார் அஞ்சலை அக்கா.

நாங்கள் குடிக்கிற தண்ணீர் ஷெட் மூலையில் ஒரு நீலக் குடத்தில் இருந்தது. அதுவும் எங்கள் கம்பெனிக் குடம்தான், அலைக்கு முந்தி மெஷினில் ஓட்டியது. டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு வந்தேன். அக்கா முதலில் நீலக் குடத்தின் விளிம்பில் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துப் போட்டார். மிதந்தது. விரலால் அமுக்கி விட்டார். மேலே வந்தது.

பிறகு பிளந்த குடத்திலிருந்து ஒரு சீவல். அமுக்கி விட்டார்.

அது மேலே வரவில்லை. அவசரமே இல்லாமல், சாய்ந்து சாய்ந்து, டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது.

ஆறு பெண்களும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். மெஷினில் தும்பிக்கை இறங்கித் தரையில் வழிந்துகொண்டிருந்தது, நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வந்தார். டம்ளரை எட்டிப் பார்த்தார். மூட்டை வாங்கியது யார் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

“தொட்டியில உப்புத் தண்ணி ரொப்புனது யாரு?”

“நான்தான் மொதலாளி.”

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “அப்பறம் என்னா. எழுதிக்கோங்க சார். ஆபரேட்டர் மிஸ்டேக்.”

பாருங்கள், எவ்வளவு சுலபம். டம்ளரின் அடியில் சுண்ணாம்பு கலந்த துண்டு கிடக்கிறது. எதிரே வாய் பிளந்த குடம் கிடக்கிறது. கேட்டில் தண்ணீர் இல்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ரிஜிஸ்டரில் பேனா போனது மறுபடியும் நாலாவது கட்டத்துக்குத்தான். அஞ்சலை பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள்.

நான் செய்தது தப்புதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தண்ணீர் குடத்தைப் பிளக்கவில்லை. பிளக்கப்போகிற குடத்தைக் காட்டிக் கொடுக்காமல் விட்டது, அவ்வளவுதான்.

“எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான நீ. கையெழுத்துப் போடு” என்று பேனாவை நீட்டினார் சூப்பர்வைசர்.

போட்டேன். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காலியாகவே கிடந்த முதல் கட்டத்தில், மெட்டீரியல் என்று தலைப்பு இருந்த இடத்தில், தமிழில் பெரிதாக எழுதினேன். ‘சுண்ணாம்பு. நல்ல தண்ணியில் மூழ்கியது.’

சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பாய்ந்தார், கிழித்தார். ஆனால் ரிஜிஸ்டரில் கார்பன் வைத்து அடியில் ஒரு மஞ்சள் தாள் உண்டு. அவர் மேல்தாளைக் கசக்கிக்கொண்டிருந்தபோது பல்கீஸ் அக்கா மஞ்சள் தாளை உருவி, முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தார். அங்கே உட்கார்ந்திருந்த அனுமந்தைப் பெண்ணின் கையில் தாளையும், ஒரு கைப்பிடி ஜவ்வையும் வைத்தார்.

“நேரா டிரஸ்ட் ஆபீசுக்குப் போம்மா. அவங்க குடிக்கிற தண்ணியிலயே போட்டுக் காட்டு.”

அதே கத்தி

அன்றே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் டிரஸ்ட்காரர் ஜீப்பில் வந்தாராம். கையில் தண்ணீர் பாட்டில். யாரிடமும் பேசாமல், ஸ்டாக்கில் இருந்த குடங்களில் ஒவ்வொன்றாகச் சீவிப் போட்டுப் பார்த்தாராம். எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு புதுக் குடம் ஓட்டித் தர வேண்டியதாயிற்று. எழுத்து போட்ட மூட்டை வந்தது. வெள்ளைக் குருணை காணாமல் போனது.

புதுக் குடம் ஓட்டினால் ஜவ்வைச் சீவ ஆள் வேண்டுமே. அதனால் அஞ்சலை அக்காவை யாரும் வெளியே அனுப்பவில்லை. மரக்காணம் சந்தையில் பல்கீஸ் அக்காவைப் பார்த்தபோது கேட்டேன், புதுக் குடம் எப்படி என்று.

“அதே ஆறு பேரு. அதே கத்தி. ஒண்ணுகூட பொளக்கல.”

“சூப்பர்வைசர் இன்னா சொன்னாரு?”

“இன்னா சொல்லுவாரு. தாளு இன்னும் செவுத்துலதான் இருக்குது.”

ஒருவரும் அஞ்சலை அக்காவிடம் தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை, மச்சான் சொல்லவில்லை, சூப்பர்வைசர் சொல்லவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நாலாவதாக ஒரு பெயர் உண்டு.

நான் கிளியனூர் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் சேர்ந்து, சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். வெயிலில் நிற்காமல் கடை ஓரமாக நிழலில் ஒதுங்கி நின்றிருந்தார். வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். தப்பாகிவிட்டது என்று நானும் சொல்லாமல், பஸ் நேரத்தைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். அவரே கேட்டார்.

“ஏன் தம்பி, ஜவ்வு ஒடியுதுன்னு நான் சொன்னப்ப நீ ஏதோ ஒரு வார்த்த சொன்னியே. இன்னா அது?”

“ஸ்டிஃப்னஸ்.”

“அப்படின்னா?”

மச்சானிடம் கேட்டு வாங்கி அப்படியே அவரிடம் கொடுத்த வார்த்தை அது. என் காலண்டர் தாளில்கூட அதைக் குறித்திருந்தேன். அர்த்தம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“தெரியாதுக்கா” என்றேன்.

பஸ் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கும்தான் அந்த வார்த்த தெரியல. ஆனா நான் ஒடச்சிக் காட்டினேன்ல?”